ட்ராக் டே கையுறை: தேர்வது, மாட்டுவது, பராமரிப்பது – முழுமையான வழிகாட்டி

கையுறை வாங்கக் கடைப் பக்கம் போவதற்கு முன் உங்கள் காரில் ஏறி ஸ்டீயரிங்கைத் தடவிப் பாருங்கள். தோலா, ஸ்வேட்டா (மென்மயிர்ப் பரப்புள்ள தோல்), வெறும் பிளாஸ்டிக்கா? எந்தக் கையுறை சரிப்படும் என்பதில் பாதி முடிவை அந்தப் பரப்பே எடுத்துவிடும். மீதிப் பாதி உங்கள் கையின் அளவு. பிராண்டும் நிறமும் அதற்குப் பிறகுதான். முதலில் அழகைப் பார்த்து வாங்குகிறவர்கள் மத்தியானத்துக்குள் கையுறையைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓட்டுவதை எந்த ட்ராக் டேயிலும் (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) பார்க்கலாம்.

இங்கே சொல்வது கார் ஓட்டுகிறவர்களுக்கு. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் 3.717 கி.மீ. மெட்ராஸ் சர்க்யூட், கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் 2.1 கி.மீ. கரி ஸ்பீட்வே ஆகிய இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. ஐரோப்பாவில் எழுதப்படும் கையுறைக் குறிப்புகள் வியர்வையை ஒரு வரியில் கடந்துவிடும். நம் ஊர் வெயிலில் அதுதான் முதல் பிரச்சினை.

கையுறை எதற்கு

முதல் வேலை பிடி. தெருவில் ஸ்டீயரிங் லேசான பொருள். ட்ராக்கில் பிரேக் அடித்தபடி வளைவுக்குள் திருப்பும்போது முன் டயர்களின் எதிர்ப்பு முழுக்க உங்கள் உள்ளங்கைக்கு வரும். கை ஈரமாக இருந்தால் வழுக்கும். வழுக்குகிறது என்று தெரிந்ததும் நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிப்போம். இறுக்கிப் பிடித்தால் முன்கை மரத்துப்போகும், முன் டயர் பிடியை இழக்கும்போது ஸ்டீயரிங் லேசாவது கைக்குத் தெரியாது. அந்த லேசாகும் கணத்தை உணர்வதுதான் ட்ராக்கில் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம். அதனால் நல்ல கையுறை என்பது தளர்வாகப் பிடித்தாலும் வழுக்காத கையுறை. இதை ஒரு அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வேலை தோலைக் காப்பது. இருபது நிமிட செஷன் நான்கைந்து ஓட்டினால் கட்டைவிரல் இடுக்கிலும் விரல்களின் அடியிலும் கொப்புளம் வரும்.

மூன்றாவது வேலை தீ. சாதாரண ட்ராக் டேயில் இது அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் பெல்ட்டைக் கழற்றுவதும் கதவைத் திறப்பதும் கைதான். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைன் கிராண்ட் பிரீயில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோமான் க்ரோஷான் தீப்பிடித்த காரிலிருந்து அரை நிமிடத்துக்குள் வெளியே வந்தார். உயர்தரக் கையுறை போட்டிருந்தும் அவருக்குப் பலத்த தீக்காயம் ஏற்பட்டது புறங்கைகளில்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போதும் எழுந்து வெளியே வரும்போதும் தீயைப் பார்த்தபடி இருப்பது புறங்கை. ரேஸ் கையுறைகளில் புறங்கைப் பக்கம் இரண்டு அடுக்கும் உள்ளங்கைப் பக்கம் ஒரே அடுக்கும் வைப்பதற்குக் காரணம் இதுவே. உள்ளங்கையில் தடிமன் கூடினால் ஸ்டீயரிங்கின் உணர்வு போய்விடும், அதனால் தர விதிகளும் அந்தப் பக்கம் கொஞ்சம் தளர்வு தருகின்றன.

எதையெல்லாம் போடக் கூடாது

பைக் கையுறை வேண்டாம். அது விழுந்து தார்ச்சாலையில் தேயும்போது காப்பாற்றச் செய்தது. விரல் முட்டியில் கவசம், உள்ளங்கையில் சறுக்குத் தகடு, தடித்த தோல் எல்லாம் இருக்கும். காரில் அதைப் போட்டால் ஸ்டீயரிங் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. பைக்கில் ட்ராக் டே போகிறவர்கள் கார் கையுறையைப் போடுவது இன்னும் ஆபத்து. உரசலைத் தாங்க அதில் எதுவுமே இல்லை.

கார்ட்டிங் கையுறை மலிவாகக் கிடைக்கும், பிடியும் நன்றாக இருக்கும், பார்ப்பதற்கும் ரேஸ் கையுறை மாதிரியே இருக்கும். ஆனால் பெரும்பாலானவை பாலியஸ்டரும் நைலானும் கலந்தவை. பாலியஸ்டர் சுமார் 250-260 டிகிரி செல்சியஸில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பாதுகாப்புக் கூண்டு (ரோல் கேஜ்) இல்லாத, மாற்றம் ஏதும் செய்யாத தெருக் காரில் ஓட்டுகிற புதியவர் இதைப் போடுவதைத் தடுக்கமாட்டோம். ஆனால் தீக்கு இது காப்பு இல்லை என்று தெரிந்தே போட வேண்டும். எரிபொருள் பம்ப், டர்போ, ஆயில் லைன் என்று எதையாவது மாற்றியமைத்த கார் என்றால் கார்ட்டிங் கையுறைக்கு அங்கே இடமே இல்லை.

ஜிம் கையுறை, மெக்கானிக் கையுறை, பருத்திக் கையுறை இவை எதுவும் உதவாது. பருத்திக் கையுறை தோல் ஸ்டீயரிங்கில் வெறுங்கையை விட மோசமாக வழுக்கும். முட்டிகளில் ஓட்டை வைத்த பழைய பாணித் தோல் கையுறை மலைப்பாதைப் பயணத்துக்கு அருமையானது. புறங்கை திறந்திருப்பதால் ட்ராக்குக்கு ஏற்றதல்ல. விரல் நுனி இல்லாத கையுறைக்கும் இதே பதில்.

கையில் நல்ல கையுறை இல்லை, ஸ்டீயரிங் தோல், முதல் ட்ராக் டே என்றால் வெறுங்கையே மேல். அளவு சரியில்லாத கையுறை உங்கள் கவனத்தை முழுக்கத் தின்றுவிடும்.

முத்திரையைப் படிப்பது

தீத்தடுப்புக் கையுறையில் தேட வேண்டிய எண், உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் 8856-2018. அதற்கு முந்தையது 8856-2000. அமெரிக்கத் தயாரிப்பு என்றால் அந்நாட்டுத் தர அமைப்பான எஸ்எஃப்ஐயின் 3.3/5 என்று இருக்கும். முத்திரை பெரும்பாலும் மணிக்கட்டுப் பட்டையில் தைக்கப்பட்டிருக்கும். புதிய தரத்துக்கு ஹாலோகிராம் முத்திரை உண்டு. பந்தயத்துக்கும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால், அந்த வருடத்துப் போட்டி விதிகள் எந்தத் தரத்தைக் கேட்கின்றன என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய தரக் கையுறை தள்ளுபடியில் கிடைக்கும், பரிசோதனை மேசையில் திரும்பி வந்துவிடும். ட்ராக் டேக்கு மட்டும் என்றால் 8856-2000 போதும்.

துணி பெரும்பாலும் நோமெக்ஸ். டூபான்ட் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த, அராமிட் என்ற வெப்பம் தாங்கும் செயற்கை இழை. உருகாது, சொட்டாது. சுமார் 370 டிகிரிக்கு மேல் கருகிக் கெட்டியாகும். கருகும்போது தடித்துக்கொள்வதால் உள்ளே போகும் சூட்டைக் கொஞ்ச நேரம் தடுக்கும். கையுறை வாங்கித் தருவது அந்தச் சில விநாடிகளைத்தான். அதற்குள் நீங்கள் வெளியே வந்தாக வேண்டும்.

போலிகள் நிறைய உலவுகின்றன. சந்தேகம் வந்தால் கையுறையின் உள்பக்க மடிப்பிலிருந்து தொங்கும் ஒரு தளர்ந்த நூலை மட்டும் வெட்டி எடுங்கள். இடுக்கியில் பிடித்து, திறந்தவெளியில் லைட்டர் தீயில் காட்டுங்கள். அராமிட் நூல் கறுத்துப் பொடியாகும், தீயை எடுத்ததும் அணைந்துவிடும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, நுனியில் கெட்டியான சிறு மணி உருளும். அந்த மணியைப் பார்த்துவிட்டால் கையுறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முத்திரையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, தீயில் முதலில் பிரிவது தையல்.

ஸ்டீயரிங் பரப்பும் உள்ளங்கைப் பரப்பும்

உள்ளங்கையில் இரண்டு வகை பிடி வருகிறது. ஒன்று ஸ்வேட் தோல், மற்றது துணியின் மேல் அச்சிட்ட சிலிக்கான். விலை உயர்ந்த கையுறைகளில் இப்போது பெரும்பாலும் சிலிக்கான்.

தொழிற்சாலையிலிருந்து வரும் மழமழப்பான தோல் ஸ்டீயரிங்குக்கும் பிளாஸ்டிக் ஸ்டீயரிங்குக்கும் சிலிக்கான் அச்சு மிகப் பொருத்தம். லேசாகத் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். ஸ்வேட் அல்லது அல்கன்டாரா (ஸ்வேட் போன்ற செயற்கைத் துணி) சுற்றிய ஸ்டீயரிங் என்றால் ஸ்வேட் உள்ளங்கையே நல்லது. இரண்டு மயிர்ப் பரப்புகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அங்கே சிலிக்கான் போட்டால் பிடி இருக்கும், ஆனால் அல்கன்டாராவின் மென்மயிர் சீக்கிரம் உருண்டு தேயும். அப்படித் தேய்ந்த அல்கன்டாரா பளபளத்து வழுக்க ஆரம்பித்தால் கையுறையை மாற்றி எந்தப் பயனும் இல்லை.

எவ்வளவு பிடி வேண்டும் என்பது நீங்கள் ஸ்டீயரிங்கை எப்படித் திருப்புகிறீர்கள் என்பதையும் பொறுத்தது. பெரிய ட்ராக்கில் பெரும்பாலான வளைவுகளை 9 மணி, 3 மணி நிலையிலிருந்து கையை எடுக்காமலே கடக்கலாம். அங்கே முழு சிலிக்கான் உள்ளங்கை வரம். கூம்பு வைத்து நடத்தும் ஆட்டோகிராஸ் போட்டிகளில் ஸ்டீயரிங்கைக் கைக்குள் சறுக்கவிட்டு மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும். அங்கே அதிகப் பிடி கையை இழுத்து மாட்டிவிடும். இரண்டுக்கும் ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் ஸ்வேட் வாங்குங்கள், அல்லது விரல்களில் மட்டும் சிலிக்கான் உள்ளதை வாங்குங்கள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, கையுறையை விடவும் முக்கியம். ஆக்சஸரி கடையில் மாட்டிய ஸ்டீயரிங் கவர் இருந்தால் ட்ராக்குக்குப் போவதற்கு முன் கழற்றிவிடுங்கள். சிலிக்கான் கையுறை கவரை இறுகப் பிடிக்கும், கவர் உள்ளே இருக்கும் வளையத்தின் மேல் சுழலும். ஐந்து டிகிரி சுழன்றாலே போதும், வளைவின் நடுவில் கை ஒரு பக்கமும் டயர் ஒரு பக்கமும் நிற்கும். வாட்டர் வாஷ் கடையில் டாஷ்போர்டுக்குப் போடும் பாலிஷை ஸ்டீயரிங்கிலும் தேய்த்துவிடுவார்கள், அதையும் பாருங்கள். விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும். மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். கையுறை வழுக்குகிறது என்று வரும் புகார்களில் பல இந்தத் துடைப்போடு தீர்ந்துபோகின்றன.

அளவெடுப்பது

டெய்லர் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும் கையை விரித்து, கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களின் அடிமுட்டிகளைச் சுற்றி டேப்பைப் போடுங்கள். இறுக்க வேண்டாம். இப்போது கையை லேசாக மூடுங்கள், முட்டி விரிவதால் சுற்றளவு கூடும். மூடியபோது வரும் அளவுதான் நமக்கு வேண்டியது. அடுத்து நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் முதல் ரேகை வரை நீளம். மாலையில் அளந்தால் நல்லது. வெயிலில் கை கொஞ்சம் உப்பும், ட்ராக்கில் உங்கள் கை அப்படித்தான் இருக்கும்.

ஐரோப்பியக் கையுறை அளவு முறையில் 203 மி.மீ. சுற்றளவும் 182 மி.மீ. நீளமும் 8ஆம் எண். 229-க்கு 192 என்றால் 9. 254-க்கு 204 என்றால் 10. பிராண்டுக்குப் பிராண்டு இது சற்று மாறும், இத்தாலிய பிராண்டுகள் கொஞ்சம் ஒடுக்கமாக வருவதுண்டு. அதனால் அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையை ஒருமுறை பாருங்கள். சுற்றளவு ஒரு எண்ணையும் நீளம் இன்னொரு எண்ணையும் காட்டினால் நீளத்தைப் பின்பற்றுங்கள். குறுக்கே துணி கொஞ்சம் இழுபடும், விரல் நீளம் இழுபடாது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது கையை விரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். நல்ல ரேஸ் கையுறையின் விரல்கள் முன்னமே வளைத்துத் தைக்கப்பட்டிருக்கும். விரித்தால் சற்று இழுக்கும், அதுதான் சரி. ஸ்டீயரிங் தடிமனில் ஏதாவது ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். பிடித்த நிலையில் உள்ளங்கையில் துணி மடியக் கூடாது. விரல் நுனிக்கும் கையுறை நுனிக்கும் இடையே ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி போதும், நகம் தட்டக் கூடாது. விரல் இடுக்குகளில் கையுறை அடிவரை உட்கார வேண்டும். அங்கே காற்றிடைவெளி இருந்தால் விரல் குட்டை என்று பொருள். அது பழகினால் சரியாகாது.

தையல் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். வெளித்தையல் பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் விரல் நுனியில் எதுவும் உறுத்தாது, பட்டனை அழுத்தும்போதும் தெளிவாகத் தெரியும். விலை கொஞ்சம் கூட என்றாலும் கட்டாயம் வெளித்தையலை வாங்குங்கள். நெடுநேரம் ஓட்டுகிற கைக்கு இதை விடப் பெரிய வசதி இல்லை. ஃபார்முலா 1-இல் 2018 முதல் நாடித்துடிப்பையும் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனையும் அளக்கும் உணரியைக் கையுறையின் உள்ளங்கையில் தைக்கிறார்கள். அதன் தடிமன் வெறும் 3 மி.மீ. உள்ளங்கையில் சேர்வது எதையும் அவ்வளவு கணக்குப் பார்க்கிறார்கள்.

கடைசியாக மணிக்கட்டு. கைகளை நேராக நீட்டி, ஸ்டீயரிங்கைப் பாதிச் சுற்று திருப்புவதுபோல் செய்யுங்கள். சட்டைக் கை மேலே ஏறும். அப்போதும் கையுறைப் பட்டைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே தோல் தெரியக் கூடாது. தீத்தடுப்பு ஓவரால் (உடல் முழுக்க மூடும் உடை) போடுகிறவர்கள் குறைந்தது 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நீளப் பட்டை உள்ள கையுறை வாங்க வேண்டும். குட்டைப் பட்டைக் கையுறை ஓட்ட இதமாக இருக்கும், அந்த இடைவெளியை மட்டும் மறைக்காது.

மாட்டும் முறை

முந்தின நாளே வீட்டில் கால் மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். விரல்களை மடக்கி நீட்டுங்கள். புதிய ஸ்வேட்டில் தொழிற்சாலைத் தூசி இருக்கும், பழைய பல்துலக்கும் பிரஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். ட்ராக் அன்று இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முழுக்க உலரவிடுங்கள். கிரீம், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். சானிடைசர் போட்டிருந்தால் அது காயும் வரை கையுறையைத் தொடாதீர்கள், அதில் இருப்பது ஆல்கஹால்.

2. மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். உலோகம் சூட்டைப் பிடித்துவைத்துத் தோலுக்குக் கொடுக்கும். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறும் கணக்கில் சேர்த்தி. அது நைலானாகவும் இருக்கலாம். கழற்ற மனமில்லை என்றால் முடிந்தவரை மேலே ஏற்றி, சட்டைக் கைக்குள் தள்ளுங்கள்.

3. பாலக்ளாவா (தலையையும் முகத்தையும் மூடும் துணி உறை), ஹெல்மெட், கழுத்துக் காப்பு சாதனம் எல்லாம் முதலில். ஹெல்மெட்டின் இரட்டை வளையப் பட்டியைக் கையுறையோடு கோக்கவே முடியாது, முயன்றால் அரைகுறையாக நிற்கும்.

4. காரில் ஏறி பெல்ட்டைப் போடுங்கள். ஹார்னஸ் (பல பட்டைகள் கொண்ட பந்தய பெல்ட்) என்றால் தோள்பட்டைகளை இறுக்கும் வரை வெறுங்கை.

5. கையுறை கடைசியில். ஓவரால் கையின் பின்னல் பட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, கையுறைப் பட்டையை அதன் மேல் ஏற்றுங்கள். பட்டையைப் பிடித்து வலுவாக இழுக்காதீர்கள், தையல் முதலில் விடுவது அங்கேதான். விரல்களை உள்ளே நுழைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கோத்து, இடுக்குகளை அழுத்தி உட்கார வையுங்கள்.

6. வெல்க்ரோவை ஒட்டி, கையை இறுக்கி மூடுங்கள். நாடி துடிப்பது பட்டையின் அடியில் தெரிந்தால் இறுக்கம் அதிகம்.

7. கிளம்புவதற்கு முன் கையுறையோடு எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பாருங்கள்: பெல்ட் கொக்கி, கதவுக் கைப்பிடி, கண்ணாடி இறக்கும் பட்டன், மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச், தீயணைப்பானின் இழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடிய வேண்டும். புகையில் எதுவும் தெரியாது.

ஏழாவது படியைப் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். கையுறை விரல் தடிமனாக இருந்தால் தெருக் காரின் பெல்ட்டில் உள்ள சின்னச் சிவப்பு பட்டன் குழிக்குள் விரல் இறங்காது. அதைக் கேரேஜிலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

ட்ராக்கில்

முதல் இரண்டு சுற்று டயருக்கும் கைக்கும் சேர்த்துத்தான். 9-3 நிலையில் பிடித்து, கட்டைவிரலை ஸ்டீயரிங்கின் ஆரத்தின் (குறுக்குக் கம்பி) மேல் லேசாகச் சாயவிடுங்கள், கொக்கி போடாதீர்கள். ட்ராக்கை விட்டு மண்ணுக்குள் இறங்கினால் ஸ்டீயரிங் திடீரெனத் திரும்பி அடிக்கும், உள்ளே மாட்டிய கட்டைவிரல் சுளுக்கும் அல்லது முறியும். மோதல் இனித் தவிர்க்க முடியாது என்று தெரிந்தால் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். நீளமான நேர்ப்பாதையில் பிடியைத் தளர்த்தி விரல்களை ஒருமுறை அசையுங்கள், ரத்த ஓட்டம் திரும்பும்.

செஷன் முடிந்ததும் கையைப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறது என்பதிலிருந்து என்ன தவறு என்று தெரிந்துவிடும். உள்ளங்கை நடுவில் கொப்புளம் என்றால் கையுறை பெரிது, துணி மடிந்து உரசியிருக்கிறது. கட்டைவிரல் இடுக்கில் என்றால் கட்டைவிரல் பகுதி குட்டை, அல்லது உள்தையல் அங்கே ஓடுகிறது. நகத்தின் அடியில் வலி என்றால் விரல் நீளம் போதவில்லை. புறங்கை முட்டிகள் சிவந்தால் அளவு சிறிது. விரல்கள் மரத்தால் முதலில் பட்டையைத் தளர்த்திப் பாருங்கள். எதுவும் சிவக்கவில்லை, முன்கை மட்டும் கல் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் கையுறையில் குறையில்லை, இறுக்கிப் பிடிக்கிறீர்கள்.

நம் ஊர்க் கார்களில் கியர் இடது கையில். அந்தக் கையுறையின் உள்ளங்கை நடுப்பகுதி வலதை விட முன்னதாகவே தேயும். கியர் குமிழ் உலோகமாக இருந்து வெயிலில் நின்றிருந்தால் தேய்மானம் இன்னும் வேகம். செஷன்களுக்கு நடுவே குமிழின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு வையுங்கள்.

வியர்வை

ஈரமான நோமெக்ஸ் இரண்டு விதத்தில் கெடுதல். பிடி போகும் என்பது ஒன்று. தீயில் அந்த ஈரம் ஆவியாகித் தோலை வேகவைக்கும் என்பது அதைவிடப் பெரியது. அதனால் சென்னை வெயிலில் இரண்டு ஜோடி கையுறை ஆடம்பரம் இல்லை. ஒன்று கையில், ஒன்று நிழலில் காற்றாடும் இடத்தில். ஒரே ஜோடிதான் என்றால் செஷன் முடிந்ததும் வெல்க்ரோவைத் திறந்து, வாயை விரித்து, ஃபேனுக்கு எதிரே வையுங்கள். பானெட்டின் மேல் வெயிலில் காயப் போடாதீர்கள். புற ஊதா ஒளி அராமிட் இழையைப் பலவீனமாக்கும், சூட்டில் ஸ்வேட் விறைத்துப்போகும்.

கழற்றும்போது ஈரக் கையை ஒரேயடியாக உருவினால் உள்துணி கையோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பிறகு விரல் நுழையாது, எல்லாம் ஒரே முடிச்சாக நிற்கும். ஒவ்வொரு விரல் நுனியையும் அரை அங்குலம் இழுத்துத் தளர்த்திவிட்டு, பிறகு மொத்தமாகக் கழற்றுங்கள். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டால் கையுறை முழுக்க உலர்ந்த பிறகு, முனை மழுங்கிய பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளுங்கள். முறுக்காமல் தள்ள வேண்டும்.

பிட்டில் (காரை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) அந்தக் கையுறையோடே பானெட்டைத் திறப்பது, டயர் காற்றைப் பார்ப்பது, பெட்ரோல் ஊற்றுவது எதுவும் கூடாது. ஆயிலும் பெட்ரோலும் ஊறிய நோமெக்ஸ் தீயைத் தடுக்காது, அதில் ஊறியிருப்பது எரியும். அந்த வேலைகளுக்குத் தனியாக ஒரு மலிவான மெக்கானிக் கையுறை பையில் இருக்கட்டும்.

துவைப்பது, தைப்பது, மாற்றுவது

உள்ளே இருக்கும் சலவைக் குறிப்புதான் இறுதி வார்த்தை. பொதுவாக 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீர், மிதமான சோப்பு நீர்மம், கையால் அலசுவது. கையுறையைக் கையில் போட்டுக்கொண்டே பக்கெட்டில் முக்கி, கை கழுவுவதுபோல் உள்ளங்கைகளைத் தேய்த்தால் அழுக்கு நன்றாக விடும். பிளீச்சிங் பவுடரும் குளோரின் கலந்த எதுவும் அராமிட்டைக் கெடுக்கும். துணி மென்மையாக்கி தீத்தடுப்பைக் குறைக்கும் படலத்தை விட்டுப்போகும். முறுக்கிப் பிழியாமல், துண்டுக்குள் சுருட்டி அழுத்தி, விரல் நுனி மேலே இருக்கும்படி நிழலில் தொங்கவிடுங்கள். பாதி உலர்ந்ததும் ஒருமுறை கையில் போட்டு விரல்களை மடக்கி நீட்டினால் ஸ்வேட் விறைக்காது. ஸ்வேட் பளபளத்திருந்தால் உலர்ந்த பிறகு பிரஷால் மயிரை எழுப்புங்கள். சிலிக்கான் பிடி குறைந்தால் தேய்ந்துவிட்டது என்று அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் தூசிதான், ஈரத் துணியால் துடைத்தால் திரும்பிவிடும்.

மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஹெல்மெட் பைக்குள் ஈரத்தோடு திணிக்காமல், முழுக்கக் காய்ந்த பிறகு துணிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

தையல் விட்டால் தெருமுனை டெய்லரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் போடும் பாலியஸ்டர் நூல் தீயில் முதல் நொடியிலேயே உருகி அந்த இடம் வாயைத் திறக்கும். அராமிட் நூல் வாங்கித் தர முடிந்தால் தைக்கலாம். பெயர் எம்பிராய்டரி போடுவதற்கும் இதே விதி.

எப்போது மாற்றுவது? உள்ளங்கையில் அடித்துணி தெரிந்தால், விரல் இடுக்கில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது துணி மெலிந்து ஒளி வந்தால், புறங்கையில் இரண்டு அடுக்கில் ஒன்று கிழிந்தால், துவைத்தும் போகாத எண்ணெய்க் கறை இருந்தால், வெல்க்ரோ தானாகத் திறந்துகொண்டால் மாற்ற வேண்டியதுதான். ஒரு முறை தீயைப் பார்த்த கையுறை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டியதே. உள்ளங்கை மட்டும் தேய்ந்து புறங்கை நன்றாக இருக்கும் பழைய ஜோடியைச் சிமுலேட்டருக்கு ஒதுக்கிவிடலாம். ஆனால் முத்திரை உள்ள பட்டையை வெட்டிவிடுங்கள், யாராவது இரவல் வாங்கி ட்ராக்குக்குப் போட்டுப் போய்விடக் கூடாது.